பயிற்சியாளரை மாற்றுவதா, நட்சத்திரத்தை வாங்குவதா, பொறுத்திருப்பதா?

அணி தொடர்ந்து தோற்கும்போது ஒரு ஹாக்கி அணியின் பொது மேலாளர் முன்னால் இருக்கும் வழிகள் அதிகம் இல்லை. பயிற்சியாளரை மாற்றலாம். பெரிய ஆட்டக்காரர் ஒருவரைப் பணம் கொட்டி வாங்கலாம். இருப்பதைக் கலைத்துவிட்டு, சின்னப் பையன்களை வைத்து அடியிலிருந்து கட்டலாம். அல்லது, பழுதுகளை மட்டும் பார்த்துவிட்டு, இருக்கும் அணியையே நம்பி நிற்கலாம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.இல் ஆடும் அணியாக இருந்தாலும் சரி, மன்னார்குடிப் பக்கம் மண் தரையில் ஆடும் எங்கள் கிளப்பாக இருந்தாலும் சரி, சுற்றிச் சுற்றி இந்த நான்கில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கமிட்டியில் இப்போது இதுதான் பேச்சு. கோடை டோர்னமென்ட்டுகளில் முதல் சுற்றிலேயே வெளியேறிக்கொண்டிருக்கிறோம். செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறவர் ஓர் அரிசி ஆலைக்காரர். "ஏதாவது செய்யுங்க தம்பி, காசு குடுக்குறது பெருசில்ல, ஊர்ல கேக்குறாங்க" என்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. என்ன செய்வது என்பதில்தான் கமிட்டிக்குள் ஒற்றுமை இல்லை. டொரண்டோவில் வேலை பார்க்கும் என் தம்பி மூலமாக எனக்கு ஐஸ் ஹாக்கி பழக்கமாயிற்று. அங்கே ஆட்டத்தைவிட என்னை அதிகம் இழுத்தது மேலாளர்களின் பாடு. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றின் பலன்களும் வருடவாரியாகப் பொதுவெளியில் கிடைக்கின்றன. எங்கள் முடிவுக்கு முன்னால் அவற்றை ஒருமுறை எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல். அணியில் யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், பயிற்சியாளர் யார், எல்லாம் பொது மேலாளரின் பொறுப்பு. ஆனால் களத்தில் இறங்கி அவர் ஒரு பந்தயத்தைக்கூட ஆட முடியாது. 32 அணிகள், 2025-26 பருவம் வரை ஆளுக்கு 82 ஆட்டங்கள். 16 அணிகள்தான் பிளேஆஃப், அதாவது தோற்றவர் வெளியேறும் சுற்றுகளுக்குப் போகும். கடைசியில் ஸ்டான்லி கோப்பை ஒன்றுதான். அதாவது ஒவ்வோர் ஆண்டும் 31 மேலாளர்கள் தங்கள் உரிமையாளர் முன்னால் போய்க் காரணம் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் சம்பள உச்சவரம்பு. 2004-05 பருவம் முழுவதும் உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த தகராறில் ரத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில், ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஒரு மேல் எல்லை வைத்தார்கள். 2005-06இல் அது 3.9 கோடி டாலர். 2025-26இல் 9.55 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்டி அள்ளிக் கொடுக்க முடியாது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. நல்ல மேலாளரையும் சாதாரண மேலாளரையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கணக்குதான்.

இப்போது முதல் வழி. பயிற்சியாளரை மாற்றுவது எல்லா மேலாளர்களுக்கும் சுலபமாகக் கைக்கு வருவது. காரணம் எளிது. பயிற்சியாளரின் சம்பளம் உச்சவரம்பில் சேராது. வேறு எந்த அணியின் சம்மதமும் தேவையில்லை. ஒரே நாளில் முடித்துவிடலாம், மறுநாள் பத்திரிகையில் மேலாளர் ஏதோ செய்திருக்கிறார் என்று வரும்.

பலித்த கதைகளும் உண்டு. செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி 2018 நவம்பரில் மைக் யோவை நீக்கிவிட்டு கிரெய்க் பெரூபேயைத் தற்காலிகமாக அமர்த்தியது. 2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில் அந்த அணி லீகிலேயே கடைசி இடம். அதே ஆண்டு ஜூனில் கோப்பையைத் தூக்கினார்கள். 1967இல் லீகில் சேர்ந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை. இதைச் சொல்லித்தான் எங்கள் கமிட்டியிலும் ஒருவர் வாதாடினார், நான் சொன்ன கதையை வைத்தே என்னிடம். ஆனால் அதில் பாதியை விட்டுவிட்டார். அந்த ஜனவரியில்தான் ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரைக் களம் இறக்கினார்கள். முதல் முழு ஆட்டத்திலேயே ஒரு கோலும் விடவில்லை அவர். அதற்குப் பிறகு அவர்தான் நிலையான கோல்கீப்பர். மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் பெரிய ஆட்டக்காரர்கள் யாரையும் அவசரத்தில் விற்றுவிடவும் இல்லை. பயிற்சியாளர் மாற்றம் உதவியது உண்மைதான். ஆனால் கோல்கீப்பரை மறந்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

எதிர்ப்பக்கம் கொலராடோ அவலாஞ்ச். 2016-17இல் 82 ஆட்டங்களில் 48 புள்ளிகள்தான். லீகிலேயே கடைசி, அதுவும் வெகு தூரம் பின்தங்கிய கடைசி. ஜாரெட் பெட்னருக்கு அது முதல் பருவம். எந்த ஊரிலும் அந்தப் பயிற்சியாளரை மறுநாளே அனுப்பியிருப்பார்கள். மேலாளர் ஜோ சாகிக் அனுப்பவில்லை. 2022இல் அதே பெட்னர் அவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் கிளப்பில் இந்த வழியைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவே தயாரில்லை. எங்கள் பி.டி. சார் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன் சைக்கிளில் வந்து, சுற்றுப் பள்ளிகளிலிருந்து பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார். வாங்குவது பெட்ரோல் காசுக்குக்கூடக் காணாது. அவர் போனால் அவரோடு அந்தப் பையன்களும் போவார்கள். அவர் இடத்துக்கு யார் வருவார் என்று நான் கேட்டபோது ஒருவரிடமும் பெயர் இல்லை. மாற்று ஆள் கையில் இல்லாமல் பயிற்சியாளரை நீக்கச் சொல்வதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது வழி நட்சத்திரத்தை வாங்குவது. ஆலைக்காரருக்கு இது பிடித்திருக்கிறது, எனக்கும் அதன் கவர்ச்சி புரிகிறது. இதில் நன்றாக நடந்ததையும் மோசமாக நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மினசோட்டா வைல்ட் அணி 2012 ஜூலை 4ஆம் தேதி ஒரே நாளில் ஸாக் பரீஸே, ரையன் சூட்டர் இருவரையும் எடுத்தது. ஆளுக்கு 13 வருடம், 9.8 கோடி டாலர். மாநிலமே கொண்டாடியது. இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் இருந்த காலத்தில் அந்த அணி பிளேஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்டவே இல்லை. 2021இல் வேறொரு மேலாளர் வந்து இருவரின் ஒப்பந்தத்தையும் பணம் கொடுத்து முறித்தார். முறித்தாலும் சுமை இறங்கவில்லை. 2023-24, 2024-25 இரண்டு பருவங்களிலும், அணியில் இல்லாத அந்த இருவருக்காக உச்சவரம்பில் ஏறக்குறைய 1.47 கோடி டாலர் கழிந்தது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், கட்டியவர் இன்னொருவர். மேலாளர் வேலையில் இருக்கும் பெரிய அநியாயம் இது: முடிவின் பலன் தெரியும் நாளில் முடிவெடுத்தவர் பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருப்பதில்லை. தன் நாற்காலிக்கு ஒரு வருடம் கூட்ட, அணியின் ஐந்து வருடத்தை விற்கத் தோன்றுவதும் அதனால்தான்.

இதற்கு நேர் எதிராக ஃபுளோரிடா பாந்தர்ஸ். 2021-22இல் லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்த அணி அது. பிளேஆஃபில் இரண்டாம் சுற்றில் நான்கு ஆட்டமும் தோற்றது. மேலாளர் பில் ஸீட்டோ அந்தக் கோடையில், அணியின் அதிகப் புள்ளிகள் எடுத்த ஜொனாத்தன் ஹூபர்டோவையும், தற்காப்பில் முக்கியமான மெக்கென்ஸி வீகரையும் இன்னும் சிலதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மேத்யூ கச்சக்கை வாங்கினார். கேட்டவர்கள் எல்லாம் அதிர்ந்தார்கள். கச்சக்குக்கு அப்போது வயது 24. 8 வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 95 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டும் அந்த அணி இறுதிப் போட்டி ஆடியது, 2024இலும் 2025இலும் கோப்பை வாங்கியது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பரீஸேயும் சூட்டரும் கையெழுத்திடும்போது 27 வயது, ஒப்பந்தம் முடியும்போது 40. கச்சக்குக்கு ஒப்பந்தம் முடியும்போது 32தான் இருக்கும். அதோடு, ஃபுளோரிடாவில் ஏற்கெனவே அலெக்சாண்டர் பார்கோவ் மாதிரி ஆட்கள் இருந்தார்கள். கட்டி முடிந்த வீட்டுக்குக் கடைசியாக வாங்கியது அது. மினசோட்டாவில் அந்த இருவரையே அஸ்திவாரமாக நம்பினார்கள்.

கோபத்தில் விற்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாங்குவதும் விற்பதும் ஒரே நெருக்கடியிலிருந்துதான் வருகின்றன. 1995 டிசம்பர் 2ஆம் தேதி மான்ட்ரியல் கனடியன்ஸ் சொந்த ஊரில் டெட்ராய்டிடம் 11-1 என்று தோற்றது. கோல்கீப்பர் பாட்ரிக் ராய் 9 கோல் வாங்கும்வரை பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்கவில்லை. அவமானத்தில் வெளியே வந்த ராய், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளப் தலைவரிடம் இதுதான் இங்கே என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். மேலாளர் ரேஜான் ஊல் அந்த நாற்காலிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான்கே நாளில் ராயை கொலராடோவுக்கு அனுப்பினார். கொலராடோ அதே பருவத்தில் கோப்பை வாங்கியது. மான்ட்ரியல் 1993இல் வாங்கியதுதான், அதற்குப் பிறகு இன்னும் வாங்கவில்லை. சமாதானத்துக்கு ஒரு மாதம் முயன்றிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

நட்சத்திரத்தை வாங்க என்.எச்.எல்.இல் பெரும்பாலும் கொடுப்பது எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளைத்தான், அதாவது 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை. மார்ச்சில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் நெருங்கும்போது மேலாளர்கள் அடுத்தடுத்த வருடங்களின் முதல் சுற்று வாய்ப்புகளை இறைப்பதைப் பார்க்கும்போது, சம்பா நடவுக்கு வைத்த விதைநெல்லை அவித்துத் தின்பது மாதிரி இருக்கும். பசி நிஜம்தான், ஆனால் அடுத்த போகமும் நிஜம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கி 2017க்குப் பிறகு நின்று, 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்றது. டிராஃப்ட் இல்லை, ஏலம்தான். அந்த 2024-25 பருவத்தில் 24 பேர் கொண்ட அணி, அதில் 8 பேர் வெளிநாட்டவர். ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போனார். தமிழ்நாடு டிராகன்ஸ் உட்பட 8 ஆண்கள் அணிகள், ஆட்டமெல்லாம் சுமார் ஐந்து வாரத்தில் முடிந்துவிட்டது. அங்கே இருக்கும் மேலாளரிடம் போய், நான்கு வருடம் பொறுங்கள், பையன்களை வளருங்கள் என்று சொல்ல முடியாது. அவர் ஏல மேசையில் எடுத்த முடிவுதான் அவருடைய பருவம். எனவே அங்கே நட்சத்திரத்தை வாங்குவது தவறே இல்லை. எந்த வழி சரி என்பது லீகின் அமைப்பைப் பொறுத்தும் மாறும்.

எங்கள் கிளப்புக்கு நட்சத்திரம் என்றால் வெளியூர் ஆட்டக்காரர்கள். சென்னையில் துறை அணிகளில் ஆடுகிறவர்கள், கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள். டோர்னமென்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். போக வர டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு, கையில் ஒரு தொகை. நால்வரை இறக்கினால் இரண்டு சுற்று நிச்சயம் தாண்டலாம். ஆனால் அந்த நாலு பேருக்காக எங்கள் பையன்கள் நாலு பேர் கரையில் உட்காருவார்கள். அடுத்த வருடம் அந்தப் பணம் இல்லையென்றால் அந்த இரண்டு சுற்றும் இல்லை. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்: நல்ல சென்டர் ஹாஃப் ஒருவர் பக்கத்தில் நின்று ஆடும்போது பையன்கள் பத்து நாளில் கற்றுக்கொள்வது அதிகம். அதனால் வெளியூர் ஆளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நால்வர் வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது வழி கலைத்துக் கட்டுவது. படிக்கும்போது இது மிகவும் நேர்மையான வழியாகத் தெரியும். கடைசி இடத்துக்கு இறங்கு, டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு வாங்கு, பையன்கள் வளரட்டும். நடைமுறையில் இதுதான் அதிகம் பேரை விழுங்கிய வழி.

பஃபலோ சேபர்ஸ் 2013-14, 2014-15 இரண்டு பருவமும் லீகில் கடைசி. 2015 டிராஃப்ட்டில் கானர் மெக்டேவிட் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசி இடத்துக்கு வந்தாலும் முதல் வாய்ப்பு உறுதி கிடையாது, குலுக்கல் உண்டு. குலுக்கலில் எட்மன்டன் ஜெயித்தது. பஃபலோவுக்கு இரண்டாம் இடத்தில் ஜாக் ஐக்கெல். அவரும் பெரிய திறமைசாலிதான், ஆனால் அணியைக் கட்டிய மேலாளர் 2017இல் வேலை இழந்தார். கழுத்து அறுவை சிகிச்சை பற்றிய தகராறில் 2021இல் ஐக்கெல் வேகஸுக்குப் போனார், 2023இல் அங்கே கோப்பை வாங்கினார். பஃபலோ 2011இல் பிளேஆஃப் ஆடியது, அதற்குப் பிறகு 2025 வரை 14 பருவம் அந்தப் பக்கமே போகவில்லை. எட்மன்டன்கூட 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று வருடம் டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு வாங்கியும் எழுந்திருக்கவில்லை. மெக்டேவிட் வந்த பிறகும் இறுதிப் போட்டிக்குப் போக 2024 வரை ஆனது.

ஏன் இப்படி ஆகிறது? என் கணிப்பு இது. பெரியவர்களை எல்லாம் விற்றுவிட்டால், பையன்களுக்குத் தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுக்க ஆள் இருப்பதில்லை. தோற்பது பழகிவிடும். கொலராடோ கடைசி இடத்துக்கு வந்தபோது சாகிக் எல்லோரையும் விற்கவில்லை. நேதன் மெக்கினனையும் கேப்ரியல் லாண்டஸ்காக்கையும் வைத்துக்கொண்டார். வெளியேற விரும்பிய மேட் டுஷேனுக்குக்கூட, தான் கேட்ட விலை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். ரசிகர்களும் பத்திரிகைகளும் என்னென்னவோ சொன்னார்கள். 2017 நவம்பரில் மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில் சாமுவேல் ஜிரார்ட், ஒரு முதல் சுற்று வாய்ப்பு, இன்னும் பலர் வந்தார்கள். 2017 டிராஃப்ட்டில் குலுக்கல் கைகொடுக்காமல் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டும், அங்கே கிடைத்தவர் கேல் மகார். 2022 கோப்பையில் மகார்தான் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர். கலைப்பதென்றால் இப்படிக் கலைக்க வேண்டும்: பாதி நிற்க, பாதி மாற.

டெல்டாவில் இந்த வழிக்கு வேறொரு சிக்கல். ஆறாம் வகுப்புப் பையன்களை வைத்துக் கட்டத் தொடங்கினால், அவர்களில் தேறுகிறவன் ஏழாவது எட்டாவதிலேயே அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிவிடுவான். போகட்டும், போகத்தான் வேண்டும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் வளர்ந்துதான் இந்திய அணிக்கு வந்தார். அப்படி ஒரு பையனை எங்கள் கோப்பைக்காகப் பிடித்து வைப்பது பாவம். விடுதிக்குப் போகாதவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்போடு ஸ்டிக்கைக் கீழே வைப்பார்கள். ஐ.டி.ஐ. படிப்பு, சிங்கப்பூர் பர்மிட், வயல் வேலை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நடவு முடியும்வரை மைதானத்தில் ஆள் சேராது. ஆகவே பையன்களை வளர்ப்பது எங்கள் கிளப்புக்குக் கோப்பை தராது, மாநிலத்துக்கு ஆட்டக்காரர்களைத் தரும். இதை ஆலைக்காரரிடம் மறைத்துவிட்டு, மூன்று வருடத்தில் கோப்பை வரும் என்று சொல்லிப் பணம் வாங்கக்கூடாது.

நான்காவது வழி, நிற்பது. இதைச் செய்யத்தான் அதிக தைரியம் வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேலாளர் சும்மா இருப்பதாகத் தெரியும்.

டாம்பா பே லைட்னிங் 2018-19இல் 82 ஆட்டங்களில் 62ஐ ஜெயித்தது. லீக் வரலாற்றில் அதற்கு முன் அத்தனை வெற்றி பெற்றது ஒரே ஓர் அணிதான். பிளேஆஃப் முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது. முதலிடம் பிடித்த அணி முதல் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் போனது அதுவே முதல் தடவை. மேலாளர் ஜூலியன் பிரிஸ்பாவுக்கு அது அந்தப் பதவியில் முதல் வருடம். பயிற்சியாளர் ஜான் கூப்பரை மாற்றவில்லை. ஸ்டாம்கோஸ், குச்செரோவ், ஹெட்மன், வாசிலெவ்ஸ்கி யாரையும் விற்கவில்லை. உடம்பைக் கொடுத்து ஆடும் அனுபவசாலிகள் சிலரை மலிவாகச் சேர்த்தார். 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இரண்டு உழைப்பாளிகளுக்கு மட்டும் நல்ல விலை கொடுத்தார். 2020இல் கோப்பை, 2021இல் மறுபடி கோப்பை, 2022இல் இறுதிப் போட்டி.

இதே வழியில் போய் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் தோற்றது, அதையும் பார்க்காமல் இருக்க முடியாது. 1967க்குப் பிறகு கோப்பை காணாத ஊர். மேத்யூஸ், மார்னர், நைலாண்டர், டவாரெஸ் என்று நான்கு பேரை நம்பி மேலாளர் கைல் டூபாஸ் வருடா வருடம் நின்றார். கொரோனாவால் உச்சவரம்பு மூன்று பருவம் 8.15 கோடி டாலரிலேயே நின்றுவிட, நால்வரின் சம்பளமே அதில் பாதியைத் தின்றது. மீதிப் பாதியில் தற்காப்புக்கும் கோல்கீப்பருக்கும் ஆள் தேட வேண்டும். 2023இல் ஒருவழியாக முதல் சுற்றை ஜெயித்தார்கள், 2004க்குப் பிறகு முதல் முறை. அடுத்த சுற்றில் தோற்றார்கள். இந்த வேலை தன் குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் என்று டூபாஸ் பத்திரிகையாளர்கள் முன் மனம் விட்டுப் பேசினார். சில நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள். என் தம்பி போனில், "சரியாத்தாண்ணே பண்ணாங்க, எத்தனை வருஷம் பொறுக்குறது" என்றான். எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது.

டாம்பாவும் நின்றது, டொரண்டோவும் நின்றது. பிறகு எதை வைத்துப் பிரிப்பது? டாம்பா அந்தத் தோல்விக்கு முன்பே 2015இல் இறுதிப் போட்டியும், 2016, 2018இல் அரையிறுதியும் ஆடியிருந்தது. நம்புவதற்கு அத்தாட்சி இருந்தது. டொரண்டோவிடம் லீக் ஆட்டப் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. டாம்பாவின் நட்சத்திரங்கள் சந்தை விலைக்குக் குறைவாகவே கையெழுத்திட்டிருந்தார்கள், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்பதும் அதற்குத் துணை. அதனால் பழுது பார்க்க மேலாளர் கையில் பணம் மிச்சம் இருந்தது. நிற்பதற்கு இந்த இரண்டும் வேண்டும். இரண்டும் இல்லாமல் நிற்பது வெறும் நேரம் கடத்தல்.

இத்தனையையும் பார்த்த பிறகு, வழியைவிட முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதலாளி எத்தனை வருடம் தருவார்? வேகஸ் அணியைத் தொடங்கிய பில் ஃபோலி, மூன்று வருடத்தில் பிளேஆஃப், ஆறு வருடத்தில் கோப்பை என்று ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொன்னார். கடுமையான கெடுதான், ஆனால் மேலாளருக்குத் தெரிந்த கெடு. அதற்கேற்ப அவர்கள் 2017இல் எடுத்த முதல் சுற்றுப் பையன்கள் மூவரையும் விற்றார்கள், அவர்களில் இருவரைக் கொடுத்துப் பெரிய ஆட்களை வாங்கினார்கள், ஆறாவது பருவத்தில் கோப்பையும் வந்தது. எட்மன்டனில் 1988இல் வேறு மாதிரி நடந்தது. முதலாளிக்குப் பணம் தேவைப்பட்டது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1.5 கோடி டாலருக்கும் சில ஆட்டக்காரர்களுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்கப்பட்டார். மேலாளர் கிளென் சேதருக்கு அதில் விருப்பமில்லை. மேலாளரின் திறமை முதலாளியின் பொறுமைக்கும் பணப்பைக்கும் உள்ளேதான் வேலை செய்யும்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் டாம்பா மாதிரி அத்தாட்சி இல்லை, அதனால் அப்படியே நிற்கச் சொல்ல மாட்டேன். நால்வரை இறக்குமதி செய்யவும் ஒப்ப மாட்டேன். பி.டி. சார் இருக்க வேண்டும். கொலராடோ வழிதான் நமக்கு ஒத்துவரும்: இப்போது ஆடும் பெரியவர்களில் சென்டர் ஹாஃப், லெஃப்ட் பேக், கோல்கீப்பர் மூவரையும் வைத்துக்கொண்டு, மீதி இடங்களில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பையன்களை இறக்குவது. வெளியூரிலிருந்து ஒரே ஒருவர், அதுவும் பெனால்டி கார்னர் தெரிந்தவர். டோர்னமென்ட்டுக்கு முதல் நாள் வராமல், ஏப்ரல் கடைசியிலேயே வந்து ஒரு மாதம் தங்கிப் பையன்களோடு பயிற்சி செய்ய வேண்டும். நாலு பேருக்குப் பேசிய பணத்தில் இது தாராளமாக அடங்கும். மிச்சத்தில் கோல்கீப்பருக்குப் புது கிட் வாங்கலாம், இப்போதைய பேடுகளில் பஞ்சு வெளியே தெரிகிறது.

ஆலைக்காரரிடம் நான் கேட்கப்போவது மூன்று கோடை. முதல் கோடையில் மறுபடி முதல் சுற்றிலேயே தோற்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். மூன்றாவது கோடையிலும் கால் இறுதியைத் தொடவில்லையென்றால், கமிட்டி விலகி வேறு ஆட்களுக்கு வழி விடும். அவர் ஒரு கோடைதான் தருவேன் என்று சொன்னால் என் வாதம் செல்லாது. அப்போது வெளியூர் ஆட்டக்காரர்கள் நால்வரை அழைப்பதுதான் நியாயம், அதற்கும் நானே போன் போட்டுப் பேசுகிறேன். கமிட்டியில் இருவர் இதற்கு இன்னும் இசையவில்லை. அறுவடை முடிந்து தை கடைசியில் கூடும்போது இந்தக் கணக்கு முழுவதையும் அவர்கள் முன்னால் வைக்கிறேன்.